பையில் இருந்த நான்கு மாத்திரைகள்

புறநோயாளிகள் பிரிவில் மருந்தாளுநராக எனக்கு 19 வருடம் ஆகிறது. முதல் பத்து வருடம் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். சீட்டு வரும், மாத்திரை போகும். "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு." என் பேச்சு அவ்வளவுதான். இப்போது ஒரு மேஜை இருக்கிறது, எதிரே ஒரு நாற்காலி இருக்கிறது. பல வருடமாக மருந்து சாப்பிடுபவர்களை, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்கிறோம்.

இரண்டு மாதம் முன்பு ஓர் அம்மா வந்தார். பையில் நான்கு மருந்துகள்: பிரஷருக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, யூரிக் அமிலத்துக்கு ஒன்று, கால் கட்டைவிரல் வலிக்குத் தானே வாங்கிய வலி மாத்திரை.

"வீக்கம் எப்போது ஆரம்பித்தது, அம்மா?"

யோசித்துச் சொன்னார். அம்லோடிபினை 5லிருந்து 10 ஆக்கிய பிறகுதான்.

அந்த மருந்தால் கால் வீங்குவது உண்டு. அளவு கூடினால் அதிகம் வீங்கும். உடம்பில் நீர் தேங்கி வரும் வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை அதற்குப் பெரிதாக உதவாது. ஆனால் யூரிக் அமிலத்தை ஏற்றும். அது விரலில் வலியாக வரும். வலி மாத்திரையோ பிரஷரை ஏற்றும். சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம். எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் கவனக்குறைவானவர்கள் இல்லை. நான்கும் ஒரே மேஜைக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.

நானாக எதையும் நிறுத்தவில்லை. மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசினேன். அம்லோடிபினை 5க்குக் குறைத்து, வேறு வகை பிரஷர் மருந்தைச் சேர்த்தார். நீர் மாத்திரையையும் வலி மாத்திரையையும் நிறுத்தினார். யூரிக் அமில மருந்தை ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்.

மருந்தைக் கொடுப்பதோடு நம் பொறுப்பு முடியாது, அது நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதும் நம் பொறுப்பு என்று அமெரிக்க பார்மசி பேராசிரியர்களான ஹெப்ளரும் ஸ்ட்ராண்டும் 1990லேயே எழுதிவிட்டார்கள். நான் படிக்கும்போது அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அந்த அம்மாவின் பையைப் பார்த்தபோதுதான் உண்மையில் புரிந்தது. ஆனாலும் ஒரு நாளில் எத்தனை சீட்டுக்கு மருந்து கொடுத்தோம் என்றுதான் இன்றும் எண்ணுகிறார்கள். நிறுத்த வைத்த மாத்திரைக்குக் கணக்கே இல்லை. இது எனக்கு வருத்தம்தான். அப்படி ஒரு பையைப் பார்க்க அரை மணி நேரம் வேண்டும்.

போன வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். வீக்கம் வடிந்து, பழைய செருப்பு காலில் ஏறியிருந்தது. வீட்டுக்காரரின் மாத்திரைகளையும் கொண்டுவரலாமா என்று கேட்டார். அவரையும் கூட்டி வரச் சொன்னேன்.