என்சாம்பிள் டேட்டா அசிமிலேஷன் எடுக்கப் போறீங்களா? முதல்ல கோவேரியன்ஸ கண்ணால பாருங்க

எம்எஸ்சி புராஜெக்ட்டுக்கு என்சாம்பிள் கால்மன் ஃபில்டர் எடுக்கலாமான்னு ஜூனியர்ஸ் கேட்டுட்டே இருக்காங்க. ஒரே மாடல லேசா வேற வேற தொடக்கத்துல பல தடவ ஓட்டி (ஒவ்வொரு ஓட்டமும் ஒரு மெம்பர்), அந்த ஓட்டங்களோட வித்தியாசத்த வச்சு அப்சர்வேஷன மாடலோட கலக்கற முறை இது. தாராளமா எடுங்க, ஆனா எடுத்த எடுப்புல டபிள்யூஆர்எஃப் மாதிரி பெரிய வானிலை மாடல்ல குதிக்காதீங்க, கம்பைல் பண்ணி முடிக்கறதுக்குள்ள செமஸ்டரே போயிடும்.

லாரன்ஸ் 96ங்கற குட்டி பொம்மை மாடல் போதும். வட்டமா 40 வேரியபிள், ஃபோர்சிங் 8 வச்சா கேயாஸ் வந்துடும், 0.05 டைம் ஸ்டெப்ப 6 மணி நேரம்னு எடுத்துக்குவாங்க. ஃபில்டர பைத்தான்ல நீங்களே எழுதுங்க. 20 மெம்பர வச்சு சும்மா ஓட்டினா, ஸ்ப்ரெட் (மெம்பர்களுக்குள்ள இருக்கற விரிவு) சுருங்கி சுருங்கி ஒரு கட்டத்துல அப்சர்வேஷன் என்ன சொன்னாலும் ஃபில்டர் கண்டுக்காது. ஏன்னா 20 மெம்பர்னா சம்பந்தமே இல்லாத ரெண்டு பாயின்ட்டுக்கு நடுவுலயும் 0.23 அளவுக்கு பொய்யான கோரிலேஷன் சாதாரணமா வரும். லோக்கலைசேஷன் (தூரத்து கோரிலேஷன வெட்டறது), இன்ஃப்ளேஷன் (ஸ்ப்ரெட்ட செயற்கையா கூட்டறது) ரெண்டும் எதுக்குன்னு அப்பதான் உறைக்கும், பேப்பர்ல படிச்சா உறைக்காது.

அடுத்து நிஜ மாடலுக்குப் போனதும் முதல் வேலை, ஒரே ஒரு தரையழுத்த அப்சர்வேஷன் மட்டும் குடுத்து என்னென்ன மாறுதுன்னு மேப் போட்டுப் பாக்கறது. அழுத்தத்த குறைச்சா சுத்தி காத்தும் அதுக்கேத்த மாதிரி சுழலும், மேல வெப்பநிலையும் நகரும், இத்தனைக்கும் ஃபில்டர்ல அந்த உறவ யாரும் எழுதி வைக்கல, மெம்பர்களுக்குள்ள இருக்கற வித்தியாசமே சொல்லுது. கோவேரியன்ஸ்ங்கறது இதுதான். இருபதாம் நூற்றாண்டு ரீஅனாலிசிஸ் (பழைய அப்சர்வேஷன மாடலோட கலந்து அந்தக் கால வானிலைய திரும்ப வரையறது) நிக்கறதே இதுலதான்: மூணாவது வெர்ஷன்ல 80 மெம்பர், அசிமிலேட் பண்றது தரையழுத்தம் மட்டும் (கடல் வெப்பநிலை, கடல் பனி ரெண்டும் தனியா மாடலுக்கு போகும்), அத வச்சே 1836ல இருந்து மேல்காத்து வரைக்கும் வரைஞ்சு குடுக்கறாங்க. வானிலை பலூனே பறக்காத காலத்துக்கு! எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

புயல புரிஞ்சுக்கணும்னா என்சாம்பிள் சென்சிட்டிவிட்டி பாருங்க. 48 மணி நேரம் கழிச்சு வர்ற மைய அழுத்தத்த இன்னைக்கு இருக்கற ஸ்டேட்டோட ரிக்ரஷன் போட்டா, எந்த இடத்துல இருக்கற சின்ன வித்தியாசம் புயலோட விதிய மாத்துதுன்னு தெரியும். ஏன்செல், ஹேக்கிம் 2007 பேப்பர்ல ஆரம்பிங்க. ஆனா அது கோரிலேஷன்தான், காரணம் கிடையாது. அந்த இடத்த லேசா மாத்தி மாடல திரும்ப ஓட்டி செக் பண்ணாம தீசிஸ்ல எழுதிடாதீங்க.

வைவால ஸ்ப்ரெட்டும் எர்ரரும் ஒத்துப்போகுதான்னு கேப்பாங்க, ரெண்டையும் ஒரே பிளாட்ல போட்டு வச்சிருங்க, ரேங்க் ஹிஸ்டோகிராமும் (நிஜ மதிப்பு மெம்பர்களுக்கு நடுவுல எத்தனாவது இடத்துல விழுதுன்னு எண்ணற படம்) கூட வைங்க. அது யு ஷேப்ல இருந்தா ஸ்ப்ரெட் பத்தலன்னு அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க.