ஆவியில் வேகும் பீச் மரம்

ஹுலின் நிலையத்தில் சின்ன ரயிலுக்கு மாறி பிஸ்த்ரிட்சே போத் ஹோஸ்தீனெம் போய்ச் சேர்ந்தேன். செக் நாட்டின் மொராவியாவில், மலையடிவாரத்துச் சிற்றூர். மும்பையின் இரானி டீக்கடைகளில் முதுகு வளைந்த மர நாற்காலியில் உட்கார்ந்து பன் மஸ்கா தின்ற காலத்திலிருந்தே, அந்த வடிவம் பிறந்த மண்ணைப் பார்க்கும் ஆசை எனக்கு உண்டு.

மரத்தை ஆவியில் வளைத்து நாற்காலி செய்த மிகைல் தோனெட் 1861-ல் இங்கே தொழிற்சாலை வைத்ததற்குக் காரணம் சுற்றியிருந்த பீச் (beech) காடுகள். பழம் தரும் பீச் அல்ல, இது வேறு மரம். 1859-ல் வந்த அவருடைய 14-ம் எண் நாற்காலிக்கு ஆறு மரத்துண்டும் சில திருகாணிகளும் போதும். கழற்றி அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்குமாம்.

மரம் வளைக்கும் கூடத்தில் வெகுநேரம் நின்றேன். கடைந்து எடுத்த, ஆளைவிட நீளமான கழி ஆவிப்பெட்டியிலிருந்து புகை பறக்க வெளியே வருகிறது. இரண்டு பேர் அதன்மேல் எஃகுப் பட்டையை மாட்டி, இரும்பு அச்சைச் சுற்றி மூச்சுப் பிடித்து இழுக்கிறார்கள். ஆறுவதற்குள் முடித்தாக வேண்டும். பீச் நெருக்கினால் அடங்கிப்போகும், இழுத்தால் பிளந்துவிடும். வெளிப்பக்கம் நீள விடாமல் பட்டை பிடித்துக்கொள்ள, உள்பக்கத்து நார் தனக்குள் சுருங்கி வளைகிறது. பிறகு அச்சோடு சேர்த்தே காயவைக்கிறார்கள்.

அறுத்த பலகை ஒன்றைத் தடவிப் பார்த்தேன். வெளிர்நிறம், ஆவி பட்டதும் லேசான ரோஜாச் சாயல். நெருக்கமான, சீரான ரேகை, நடுநடுவே எள் தூவியதுபோல் பழுப்புக் கீற்றுகள். சிலாம்பு ஏறுவதில்லை. மணமோ ருசியோ உணவில் இறங்காது என்பதால் கரண்டி, வெட்டுப்பலகை எல்லாம் இதில் செய்கிறார்கள். பிள்ளைகளின் பொம்மையும் தச்சர் மேசையும்கூட இதுதான். கனமீட்டருக்குச் சுமார் 700 கிலோ, தேக்கைவிடக் கொஞ்சம் கனம்.

தேக்கில் ஊறிய நம் ஆட்கள் இதை மட்டமாகப் பேசுவது எனக்கு வருத்தம்தான். ஈரம் ஆகாது, உண்மை. காற்றின் ஈரத்துக்கே உப்பிச் சுருங்கும், பூச்சியும் அரிக்கும். வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள், அதன் அருமை தெரியும்.

மாலையில் ஹோஸ்தீன் மலை ஏறினேன். சாம்பல் நிறத்தில் யானைக்கால் போன்ற அடிமரங்கள், வழவழப்பான பட்டை. பாதையோரம் என்றோ விழுந்த பீச் ஒன்று பாசி மூடிக் கிடந்தது. விரலால் அழுத்தினேன். ஈர மாவுபோல் உதிர்ந்தது.