தி வில்லேஜஸ்: கேட் கேமராவும் செல் டவரும்

புளோரிடாவின் தி வில்லேஜஸ் முதியோர் குடியிருப்பில் பல கேட்டுகள் பொதுச் சாலையில்தான் நிற்கின்றன. யாரையும் மறிக்க முடியாது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் தடுப்புக் கம்பு உயரும். காவல் வேலை கேமராவுடையது, வண்டி எண்ணைப் பதிந்துவிடும். முன்னால் போகும் காரை ஒட்டியே நுழைந்தால் கம்பு உங்கள் கார்மேல் இறங்கும். முன் கார் போனதும் கம்பு முழுக்க இறங்கட்டும், பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

அடுத்தது செல் டவர். வீடுகளுக்கு அருகே டவர் வருவதை எதிர்ப்பவர்கள் முதலில் கதிர்வீச்சைத்தான் பேசுவார்கள். அது எடுபடாது. 1996 தொலைத்தொடர்புச் சட்டப்படி, எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) வைத்த கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கும் டவரை அந்தக் காரணத்துக்காக உள்ளாட்சி மறுக்க முடியாது. உயரம், வீடுகளிலிருந்து தூரம், தோற்றம் பற்றிப் பேசுங்கள்.

டவர் அருகில் இருந்தும் வீட்டுக்குள் சிக்னல் இல்லையா? ஸ்டக்கோ என்ற வெளிச்சுவர்ப் பூச்சுக்கு அடியில் இருக்கும் கம்பி வலையும், ஜன்னல் கண்ணாடியில் வெயில் தடுக்கும் உலோகப் பூச்சும் அலையைத் தடுத்துவிடும். வீட்டு இணையம் வழியே பேச உதவும் வைஃபை காலிங்கை போனில் இயக்கினால் பெரும்பாலும் தீரும். ஆனால் அதன் அமைப்பில் அவசர முகவரியைக் கட்டாயம் சரிபாருங்கள். பழைய ஊர் முகவரி கிடந்தால், அவசர எண் 911-ஐ அழைக்கும்போது ஆம்புலன்ஸ் அங்கே போய் நிற்கலாம். சூறாவளியில் மின்சாரம் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும், ஒரு யூபிஎஸ் வையுங்கள்.

முதியவர்கள் உதவிக்கு அழைக்கக் கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான்தான் எனக்குப் பெரிய கவலை. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் 3ஜி சேவை 2022-ல் நின்றுவிட்டது. பொத்தானின் அழைப்பை அனுப்பும் பெட்டி 3ஜியை மட்டும் நம்பிய பழையது என்றால், அதில் விளக்கு எரியும், அழைப்பு போகாது. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்தி, மறுமுனையில் ஆள் பேசுகிறாரா என்று பாருங்கள்.