முந்தின இரவில் தொடங்கும் சமையல்: தை முதல் ஆடி வரை

சென்ற தை மாதம் எங்கள் மகனுக்கு ஆறு மாதம் நிறைந்தபோது, தாய்ப்பாலோடு இணை உணவும் கொடுக்கத் தொடங்கலாம் என்று குழந்தை மருத்துவர் சொன்னார். அன்று மாலையே சிங்காநல்லூரில் ஒரு கடையில் சத்துமாவுப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து அதன் பின்புறத்தைப் படித்தபோதுதான், சேர்மானப் பட்டியலில் இரண்டாவது இடத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இந்தப் பட்டியலை எடை அதிகமான பொருளில் தொடங்கி இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டாவது இடம் என்பது அற்ப விஷயமன்று. ஒரு வயது நிறையும்வரை உப்பு, சர்க்கரை, தேன் மூன்றும் வேண்டாம் என்று அன்று காலைதான் மருத்துவர் எச்சரித்திருந்தார். நான்கரை வயது மகளுக்குத் தினமும் பாலில் கலந்து கொடுக்கும் மாவின் டப்பாவையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே கதைதான். இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு இணைய விற்பனைத் தளங்களுக்கு ஒன்றிய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்திய செய்தியை நானும் படித்தவன்தான். படித்த அன்று தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் அதே டப்பாவைத் திறந்திருக்கிறேன்.

என் மனைவி சுழற்சி முறையில் வேலைக்குச் செல்பவர். நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். எனவே சமையலறை பெரும்பாலும் என் பொறுப்பு. அதுவரை என் சமையல் என்பது கடையில் வாங்கிய மாவு, பொட்டல மசாலா, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெளிச்சாப்பாடு என்ற அளவில்தான் இருந்தது. தை முதல் ஆடி வரை, இயன்றதையெல்லாம் தானியத்திலிருந்தும் பருப்பிலிருந்தும் நேரடியாகச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதத் தொடங்கினேன். இந்தக் குறிப்பு அந்த நோட்டிலிருந்து எழுதியது.

முதலில் எடுத்தது ராகி. நூறு கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். ஆனால் ராகியில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற வேதிப்பொருள் அந்தக் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்வதால், தின்றதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை. முளைகட்டும்போது இந்த ஃபைட்டேட் குறைகிறது. கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் மாமியார் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கமாட்டார். ஆனால் பேரனுக்கு முளைகட்டாத ராகி மாவில் கூழ் கிண்டியதாக நான் சொன்னபோது தொலைபேசியில் சில நொடிகள் பேசாமலே இருந்தார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். ராகியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, கல் அரித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரமான வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். இடையில் இரண்டு முறை தண்ணீர் தெளித்தால் போதும். ஒன்றரை நாளில், செம்மணிகளின் மேல் வெள்ளை நூல் ஒட்டியதுபோல முளை தெரியும். பிறகு நிழலில் உலர்த்தி, மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்து, சலித்து வைத்துக்கொள்ளலாம். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் மொட்டைமாடி வெயில் ஒத்துழைத்ததால் எனக்கு எல்லாம் கைவந்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஆனி மாதம் அந்த நினைப்பு கலைந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் கோவைக்கு வரும் அந்த நாட்களில், முளைகட்டிய ராகியைக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் பரப்பினேன். மேலே தொட்டால் காய்ந்திருந்தது. உள்ளங்கையில் அள்ளி மூக்கருகே கொண்டுபோனபோது, நனைந்த சாக்கின் வாடை அடித்தது. வறுத்தால் போய்விடும் என்று முதலில் தோன்றியது. ஆனால் பூஞ்சை உண்டாக்கும் நச்சு வறுக்கும் சூட்டில் முழுதாக அழிவதில்லை. குழந்தைக்குக் கொடுக்கும் மாவில் அந்தச் சோதனை வேண்டாம் என்று ஒன்றரைக் கிலோவையும் உரத்தொட்டியில் கொட்டினேன். “மாப்பிள்ளை, மொளை கட்டறது பெருசில்லீங்க, காய வெக்கறதுலதானுங்க எல்லாமே இருக்குது” என்றார் மாமியார். இப்போது ஆடி முழுவதும் மாவுக்குப் பதில் ராகிப்பால்தான்: ஊறவைத்த ராகியை அரைத்து, துணியில் மூன்று முறை பிழிந்தெடுத்த பாலை அன்றன்றே காய்ச்சிக் கொடுத்துவிடுகிறேன். உலர்த்தும் வேலையே இதில் இல்லை.

இட்லி மாவில் கற்றது வேறு விதமானது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் என்ற பழைய கணக்கில், அரிசியில் பாதியைச் சாமையாக மாற்றினேன். முழுக்கச் சாமையிலும் செய்து பார்த்தேன். சூடாக இருக்கும்போது பூப்போல இருந்த இட்லி, மகளின் டிபன் பாக்ஸில் மதியம்வரை இருந்தபின் உதிரத் தொடங்கியது. பாதிக்குப் பாதி என்பதே எங்கள் வீட்டுக்கு ஒத்துவந்தது. தை மாதக் குளிரில் பதினான்கு மணி நேரம் கழித்தும் மந்தமாகக் கிடந்த மாவு, சித்திரையில் ஏழு மணி நேரத்தில் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேடையில் வழிந்தது. மாவைப் பொங்கவைப்பவை தானியத்திலும் உளுந்திலும் இயல்பாக இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். ஆகவே “இரவு அரைத்தால் காலையில் தயார்” என்ற வாக்கியத்தில் எந்த மாதத்து இரவு என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கும் புழுங்கல் அரிசி மாவுக்கு நன்றாகவே பொருந்துகிறது என்பதும் இதற்கிடையில் தெரிந்தது. சாமையின் விலைக்கு அது ஓர் ஈடு.

தினையை என் மகள் நெடுநாள் ஏற்கவில்லை. கீழ்வீட்டில் வளர்க்கும் லவ் பேர்ட்ஸ் கூண்டில் தினமும் போடுவது தினைதான். தட்டில் தினைப் பொங்கலைப் பார்த்ததும், “அப்பா, இது குருவிக்குப் போடறதுதானே?” என்று கேட்டாள். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததையெல்லாம் நான்கரை வயதுக்குச் சொல்லிப் பயனில்லை. அதே தினையை ஊறவைத்து, உளுந்தோடு அரைத்து, சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் வதக்கிச் சேர்த்துக் குழிப்பணியாரமாகச் சுட்டபோது, கேள்வியில்லாமல் ஐந்து தின்றாள். வடிவம் மாறினால் தானியமும் மாறிவிடுகிறது போலும். இதை ஏமாற்று வேலை என்று மனைவி சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை, அவளிடம் கேட்டால் உண்மையைச் சொல்லத் தயாராகவே இருக்கிறேன்.

இந்த ஆறு மாதத்தில் பெரிய தோல்வி கம்புதான். மாசியில் இரண்டு கிலோ கம்பை மாவு மில்லில் கொடுத்து அரைத்து, மாதம் முழுவதற்கும் ஆகும் என்று எவர்சில்வர் டப்பாவில் நிரப்பி வைத்தேன். முதல் வாரம் ரொட்டி நன்றாக வந்தது. பத்தாம் நாள் சுட்ட ரொட்டியை வாயில் வைத்ததும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. தோசைக்கல் சரியில்லை என்றும், உப்பு மாறிவிட்டது என்றும் இரண்டு நாள் வேறு காரணங்களைத் தேடிய பிறகுதான், மாவே கெட்டுவிட்டது என்று புரிந்தது. கம்பில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் உண்டு. முழுத் தானியமாக இருக்கும்வரை கெடாத அது, அரைத்தவுடன் தானியத்தின் நொதிகளோடும் காற்றோடும் கலந்து சில நாட்களிலேயே சிக்கடித்துவிடுகிறது. மாமியாரிடம் சொன்னேன். “கம்ப இடிச்ச அன்னைக்கே ஆக்கிப்போடோணுமுங்க மாப்பிள்ளை. மாவாக்கி டப்பாவுல போட்டு வெச்சா, அது கசக்காம வேற என்னங்க பண்ணும்?” என்றார். தவிடு நீக்காத சாமைக்கும் வரகுக்கும் இதே குணம் ஓரளவு உண்டு என்பதால், இப்போது எதையும் இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி வைப்பதில்லை.

மாசியில் கம்பு மாவு கெட்ட பிறகு நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சொதப்பிய நாட்களில் பெரும்பாலானவற்றில் அடுப்பு வேலையில் தவறில்லை. ஊறவைக்க மறந்த, அல்லது காத்திருக்க நேரம் விடாத நாட்கள் அவை. சமையல் என்பது மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலை என்று நான் எண்ணியிருந்ததால்தான் ஆறரை மணிக்கு உணவகத்துக்குப் போன் செய்தேன். பங்குனி முதல், இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் மறுநாளுக்கானதை ஊறவைத்துவிட்டே விளக்கை அணைக்கிறேன். இதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மறுநாள் என்ன சமைப்பது என்ற மாலை நேரத்து யோசனையும் இதனால் இல்லாமல் போயிற்று. கொள்ளு ஊறிக்கொண்டிருந்தால் கொள்ளுதான்.

அந்தக் கொள்ளையே எடுத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் ஊறியது குக்கரில் ஐந்தாறு விசிலில் மசிகிறது. ஊறாதது பத்தைத் தாண்டியும் விறைப்பாகவே நிற்கிறது. வெந்த தண்ணீரை வடித்துப் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு ரசம், பருப்பைச் சின்ன வெங்காயத்தோடு கடைந்து சாதத்துக்கு, மிஞ்சியதை மறுநாள் அடை மாவில் என்று ஒரே வேகவைப்பில் மூன்று வேலை முடிகிறது. கோவையின் அரிசி பருப்பு சாதத்தையும் சாமையில் செய்து பார்த்தேன்: ஒரு டம்ளர் சாமைக்குக் கால் டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகத் துவரம்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர், மூன்று விசில். பருப்பைத் தனியே முன்னதாக ஊறவைக்காவிட்டால் சாமை குழைந்து பருப்பு நறுக்கென்று நிற்கும் என்பதை ஒரு நாள் அனுபவித்தேன். 14.2 கிலோ சிலிண்டர் மாசியில் 36 நாளில் தீர்ந்தபோது, இயற்கைக்கு உகந்த சமையல் என்ற பேச்சையே விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஊறவைப்பது பழக்கமான பின் வைகாசியில் மாற்றிய சிலிண்டர் 47 நாள் வந்தது.

காய்கறிக்குச் சனிக்கிழமை காலை உழவர் சந்தை. 1999இல் மதுரையில் முதல் சந்தை தொடங்கியபோது நான் பள்ளி மாணவன். அப்பா என்னைச் சந்தைக்கு அழைத்தால் ஒளிந்துகொள்வேன். இப்போது நான் மஞ்சப்பையோடு மகளை அழைத்துப்போகிறேன், அவள் ஒளிந்துகொள்வதில்லை, ஏனெனில் இளநீர் உண்டு. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகிறது. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி பாசிப்பருப்புக் கூட்டாகிறது, சுரைக்காய் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மிஞ்சும் தோலும் தண்டும் பால்கனியில் உள்ள மண்தொட்டிக்குப் போகின்றன. ஈரம் மிகுந்தால் நாற்றமடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கைப்பிடி தென்னை நார்க்கழிவு தூவுவதைத் தவிர அதில் சொல்வதற்கு வேறொன்றுமில்லை.

எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். மனைவிக்கு இரவு வேலை இருக்கும் வாரங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பரோட்டா வருகிறது, மகள் அதன் உறையைக் கூட நக்குகிறாள். முட்டையைத் தவிர அசைவம் செய்ய இன்னும் கை வரவில்லை.

இந்த ஆடியில் மகனுக்கு ஒரு வயது நிறைந்தது. இதுவரை எந்தப் பாத்திரத்திலும் உப்புப் போடுமுன் அவனுக்கென்று ஒரு கிண்ணம் தனியே எடுத்து, அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதற்காகச் சில துளி எலுமிச்சைச் சாறு மட்டும் பிழிந்து, மசித்துக் கொடுத்துவந்தேன். சென்ற வாரம் சிறிதளவு உப்புப் போட்ட பச்சைப்பயறு கடைசலை முதன்முறையாக எங்கள் சட்டியிலிருந்தே ஊட்டினேன். ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான். ஆவணியில் கோபியிலிருந்து சின்ன உரல் ஒன்று வருகிறது. கம்பை இடித்த அன்றே ஆக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.