தகட்டில் இறந்த ஆண்டு இல்லை

ஸ்டொக்ஹோம் அருகே லிடிங்கோ தீவில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொது மண்டபத்துக்கு ராவுல் வாலன்பெர்க்கின் பெயரை வைப்பது என்று முடிவாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் யூதர்களைக் காத்து, பிறகு சோவியத் படையினர் கொண்டுபோய்த் திரும்பாத சுவீடன்காரர் அவர். 1912 ஆகஸ்ட் 4ஆம் திகதி அவர் பிறந்தது இந்தத் தீவில்தான். பெயரில் யாருக்கும் மறுப்பில்லை. வாசலில் பதிக்கும் பித்தளைத் தகட்டில் என்ன எழுதுவது என்பதிலேயே குளிர்காலம் முழுவதும் கழிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் மரண அறிவித்தல்களை ஒப்புநோக்கியவன் நான். மலர்வு, உதிர்வு இரண்டும் சரியா என்று பார்ப்பதே வேலையில் பாதி. அதனால் முதல் வரைவு கைக்கு வந்ததும் கண் ஆண்டுகளில்தான் விழுந்தது: 1912–1947.

அந்த 1947 சோவியத் அரசு கொடுத்தது. 1957 பெப்ரவரியில் ஒரு சிறை வைத்தியரின் குறிப்பைக் காட்டி, 1947 ஜூலை 17 அன்று மொஸ்கோவின் லுபியங்கா சிறையில் அவர் மாரடைப்பால் இறந்தார் என்றார்கள். அதற்கு முன்பு, அப்படி ஓர் ஆள் எங்கள் நாட்டில் இல்லவே இல்லை என்று சாதித்தவர்களும் இவர்களே. பிடித்துக்கொண்டு போனவன் சொல்லும் திகதியை நாம் ஏன் பித்தளையில் வெட்ட வேண்டும்?

ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர், அப்படியானால் 1952 என்று போடுவோம் என்றார். சுவீடனில் பிறப்பு இறப்புப் பதிவு வரித் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. (இறந்தாலும் அவர்கள் விடுவதில்லை.) 2016இல் அது வாலன்பெர்க் இறந்துவிட்டதாக அறிவித்து, 1952 ஜூலை 31 என்று பதிந்தது. 1947 ஜூலை முடிவிலிருந்து ஐந்து ஆண்டு கூட்டிய சட்டக் கணக்கு அது. அன்று அவர் இறந்ததை யாரும் காணவில்லை. அவருடைய தாயும் வளர்ப்புத் தந்தையும் பல ஆண்டுகள் தேடிக் களைத்து 1979இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் மரணச் சான்றிதழ் வேண்டாம், காணாமலாக்கப்பட்ட பிள்ளை எங்கே என்று கேட்டு 2017 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் போராடும் தாய்மாரைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தலைவி எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார். இறந்த ஆண்டு வேண்டாம் என்று அன்றே முடிவாயிற்று.

அடுத்த சண்டை எண்ணிக்கைக்கு. வரைவில் “1,00,000 யூதர்களைக் காப்பாற்றிய” என்று இருந்தது. அவர் புடாபெஸ்ட் போய்ச் சேர்ந்தது 1944 ஜூலை 9. அதற்குள் ஹங்கேரியின் மாகாணங்களிலிருந்து 4,30,000-க்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகளும் ஹங்கேரி அதிகாரிகளும் ரயிலேற்றிவிட்டார்கள், பெரும்பாலானோர் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு. வைத்திருப்பவர் சுவீடனின் பாதுகாப்பில் இருப்பவர் என்று காட்டும் பாதுகாப்புக் கடவுச்சீட்டுகளில் ஹங்கேரி அரசு அவருக்கு அனுமதித்தது 4,500; அவர் கொடுத்தது அதைவிட அதிகம். ஒரு இலட்சம் என்னும் கணக்கில் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான கெட்டோவில் உயிர் தப்பிய மக்கள் அத்தனை பேரும் அடங்குகிறார்கள். சுவிஸ் தூதரகத்தின் கார்ல் லூட்ஸும் அதே நகரில்தான் ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். எல்லாவற்றையும் ஒருவர் கணக்கில் எழுதுவது வாலன்பெர்க்குக்கே மரியாதையாகாது என்பது என் கட்சி. “வீரர்” என்ற சொல்லையும் எடுக்கச் சொன்னேன். கீழ்வீட்டுப் பெரியவர் இன்றுவரை என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

நான் விடாப்பிடியாக நின்றது வில்மோஷ் லாங்ஃபெல்டர் பெயருக்கு. வாலன்பெர்க்கின் சாரதி. படித்த பொறியியலாளர், யூதர். 1945 ஜனவரி 17 அன்று சோவியத் காவலோடு புடாபெஸ்டிலிருந்து புறப்பட்ட காரில் அவரும் இருந்தார், அவரும் திரும்பவில்லை. நினைவுச் சின்னங்களில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கடைசியில் ஒப்புக்கொண்ட வாசகத்தைத் தமிழில் தருகிறேன்:

“ராவுல் வாலன்பெர்க். இத்தீவில் 1912இல் பிறந்தார். 1944–45இல் புடாபெஸ்டில் சுவீடன் தூதரகச் செயலாளராக, பாதுகாப்புக் கடவுச்சீட்டுகளும் அடைக்கல வீடுகளும் கொடுத்து ஆயிரக்கணக்கான யூதர்களைக் காத்தார். 1945 ஜனவரி 17 அன்று அவரையும் சாரதி வில்மோஷ் லாங்ஃபெல்டரையும் சோவியத் படையினர் கொண்டுசென்றனர். இருவரும் திரும்பவில்லை.”

தகடு வெட்டுபவர் எழுத்துக் கணக்கில் காசு கேட்கிறார். லாங்ஃபெல்டர் நீளமான பெயர் என்று பொருளாளர் முணுமுணுத்தார்; ஆனால் கையொப்பம் போட்டுவிட்டார்.