ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்கண்ணா

"ஆக்ஸிலேட்டரை முழுசா அமுத்திட்டுச் சாவி போட்டா எடுத்துக்குதுங்க தம்பி."

என் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி கொண்டுவந்த காங்கேயத்துக்காரர் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார். நான் சொன்ன பதில், "அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கங்கண்ணா. இதுல ஆக்ஸிலேட்டரைத் தொடவே கூடாது." அவர் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் சொன்னது தப்பில்லை. 2000-ஐ ஒட்டி, கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் நிறைய வர ஆரம்பித்தபோது, வருகிறவர்களுக்கெல்லாம் நாங்கள் சொல்லிக்கொடுத்ததே அதுதான். ஆனால் அவர் சொன்னது பழக்கத்தை அல்ல, வண்டியின் கோளாறை. அது என் காதில் ஏறவில்லை.

2001 மாடல் பெட்ரோல் வண்டி. காலையில் தொட்டதும் எடுக்கும். பல்லடத்தில் டீ குடிக்க நிறுத்திக் கால் மணி நேரம் ஆனால் போச்சு, செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. முக்கால் மணி நேரம் விட்டால் தானாகச் சரியாகிவிடும். ஓடும்போது தண்ணீரும் காற்றும் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், அடுத்த கால் மணி நேரம் பானெட்டுக்குள் சூடு ஏறத்தான் செய்யும். அந்த நேரத்தில் ஃப்யூயல் ரயிலில், அதாவது இன்ஜினுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாயில், பிரஷர் இல்லையென்றால் பெட்ரோல் ஆவியாகிவிடும். என் மனம் நேராக அங்கேதான் போனது.

கண்ணை மூடிக்கொண்டு பாகம் மாற்றவில்லை. சூட்டிலேயே ஸ்பார்க் பார்த்தேன், இருந்தது. இன்ஜின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கூலன்ட் சென்சாரை மீட்டரில் பார்த்தேன், முந்நூறு ஓம் பக்கம் காட்டியது, சூட்டுக்குச் சரியான அளவுதான். பெட்ரோல் பிரஷர் பார்க்கும் கேஜ் மாட்டினேன். ஓடும்போது பிரஷர் நன்றாக நின்றது, நிறுத்தியதும் சில நிமிடத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை அமுக்கிப் பிடித்தும் இறங்கியது. அப்படியென்றால் பிரஷரை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் வழியாகப் போகவில்லை, பெட்ரோல் பின்னால் போகாமல் தடுக்க பம்பில் இருக்கிற வால்வுதான் விடுகிறது என்று முடிவு கட்டினேன்.

பம்புப் பக்க ஹோஸையும் அதே மாதிரி அமுக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இருபது வருஷத்து ரப்பர், அமுக்கினால் வெடித்துவிடும் என்று பயந்தேன். அந்தப் பயம் நிஜம். மறுநாள் காலை அவர் வீட்டில் முகூர்த்தம், வண்டி வேண்டும் என்றார், அதுவும் நிஜம். ப்ளக் நாலும் கறுத்திருந்ததைப் பார்த்தேன். அது பெட்ரோல் மிஞ்சுவதன் அடையாளம். செல்ஃப் அடித்து அடித்துக் கறுத்திருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இதற்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை.

புதுப் பம்பு போட்டு, சூடாக்கி, ஐந்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் பண்ணினேன், எடுத்தது. கால் மணி நேரம் விடவில்லை.

எட்டாம் நாள் பல்லடத்திலிருந்து போன். "அதே மாதிரிதானுங்க தம்பி. நீங்க சொன்னீங்கன்னு ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லீங்க. முக்கால் மணி நேரமா நிக்கறேனுங்க." இந்த வார்த்தைதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது. அவருக்குத் தெரிந்திருந்த ஒரே வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

வண்டி வந்ததும் கடையில் வேலை பழகும் பையன் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸை உருவினான். அவன் விரலில் ஒரு சொட்டு விழுந்தது. மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். காற்று மட்டும் இருக்க வேண்டிய குழாய் அது. ரெகுலேட்டருக்குள் இருக்கும் மெல்லிய திரையான டயாஃப்ரம் கிழிந்து, வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் அந்த வழியாக, இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டுக்குள் இறங்கியிருக்கிறது. ரிட்டர்னை அமுக்கினால் இது நிற்காது. சூட்டில் பெட்ரோல் போதாமல் இல்லை, நிரம்பி வழிந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க அமுத்திக்கொண்டு செல்ஃப் அடித்தால் இந்த மாதிரி வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய்த் தேங்கியதைத் துடைத்துவிடும். எனக்குத் தெரியாததா? தெரியும். அவர் சொன்ன நேரத்தில் நினைப்பு வரவில்லை.

ரெகுலேட்டரை அசல் விலைக்குப் போட்டேன். முன்பு வாங்கிய லேபரைத் திருப்பிக் கொடுத்தேன். பம்புப் பணத்தை எடுக்கக் கை வரவில்லை. அவர் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன், "பம்பும் வீக்காத்தாங்கண்ணா இருந்துச்சு." அவர் சிரித்துக்கொண்டே, "பழசுதானுங்களே தம்பி, என்னைக்கிருந்தாலும் மாத்தறதுதானுங்க" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. நான் சொன்னது நிஜமா?

நிஜமாகவும் இருக்கலாம். அந்த வயசுப் பம்பில் வால்வு விடுவது சகஜம், இரண்டும் சேர்ந்தே கெட்டுப்போயிருக்கலாம். பழைய பம்பு ராக்கில் கேஜுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. மாட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரஷர் இறங்காமல் நின்றால் பம்பு நல்லது என்று அர்த்தம், அவருக்கு நான் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் தர வேண்டும். வண்டி கொடுத்து இரண்டு மாசம் ஆகிறது. நேற்றுக்கூடக் கையில் எடுத்தேன், வேறு வண்டி வந்துவிட்டது, வைத்துவிட்டேன்.