எல்லாவற்றையும் பெட்ரோலாக மாற்றிக் கணக்குப் போட்ட ஆறு மாதம்

முதல் வாரம்

சார்ஜரில் இருந்துதான் ஆரம்பித்தேன். போன் மாட்டாமல் சும்மா செருகிக் கிடக்கும் சார்ஜர் கரண்டைத் தின்கிறது என்று எப்போதோ படித்ததில் இருந்து, வீட்டில் யார் விட்டுவைத்தாலும் பிடுங்கிப் போடுவதும் கூடவே நாலு வார்த்தை திட்டுவதும் என் வழக்கம். இந்த முறை வாட் மீட்டர் ஒன்று வாங்கி, நடுவில் செருகி அளந்தேன். காட்டிய எண் 0.0.

மீட்டர்தான் பழுதோ என்று மேஜை விளக்கை மாட்டினேன். 9 வாட் என்று ஒழுங்காகக் காட்டியது. அப்படியென்றால் சார்ஜர் இழுப்பது மீட்டருக்கே எட்டாத அளவு. தாராளமாக 0.1 வாட் என்று வைத்தாலும், வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரு யூனிட்கூடத் தேறாது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை நாள் திட்டு வாங்கினேன்?" என்றாள். பதில் இல்லை.

அன்றைக்கே நோட்டு ஒன்று எடுத்தேன். வீட்டில் எதனால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு காற்றில் போகிறது என்பதை ஊகிக்காமல் அளந்து எழுதுவது என்று முடிவு.

இரண்டாவது வாரம்

கிலோ கணக்கில் எழுதினால் யாருக்கும், எனக்கே, உறைக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் பெட்ரோல் லிட்டராக மாற்றிக்கொண்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். "ஒரு லிட்டரே முக்கால் கிலோதானேப்பா, 2.3 கிலோ எங்கேருந்து வரும்?" என்று மகள் பிடித்துக்கொண்டாள். நல்ல கேள்வி. அந்த முக்கால் கிலோவில் கார்பன் மட்டும் சுமார் 630 கிராம். எரியும்போது 12 கிராம் கார்பனோடு காற்றில் இருந்து 32 கிராம் ஆக்சிஜன் சேர்கிறது. எடையில் பெரும்பங்கு டேங்கில் இருந்து வருவதே இல்லை.

மின்சாரத்துக்கு ஒரே எண் கிடையாது. நீர்மின்சாரமா, நிலக்கரியா என்பதைப் பொறுத்தது. நிலக்கரி என்றால் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. நான் மோசமான கணக்கையே எடுத்துக்கொண்டேன். அதன்படியும் சார்ஜர் வருடத்துக்கு அரை லிட்டர் பெட்ரோல்கூட இல்லை.

பக்கத்திலேயே டிவியின் செட் டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்த பிறகும் 11 வாட். ஓடும்போது 12! அணைத்தால் விளக்கின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நாளைக்கு 3 மணி நேரம் பார்க்கிறோம். மீதி 21 மணி நேரம் வெட்டியாக எரிவது வருடத்துக்கு 84 யூனிட், அதாவது 36 லிட்டர். இப்போது சுவரிலேயே சுவிட்சை அணைக்கிறோம். மறுபடி உயிர் வர இரண்டு நிமிடம் ஆகிறது. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

ஐந்தாவது வாரம்: கீசர்

இங்கேதான் மாட்டினேன். கீசரின் தடித்த பிளக் என் வாட் மீட்டரில் நுழையவே இல்லை. இரண்டு நாள் முழித்துவிட்டு, கடைசியில் வீட்டு மெயின் மீட்டரையே பிடித்தேன். அதில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். எங்கள் மீட்டரின் முகப்பில் 3200 imp/kWh என்பதைப் போல ஒரு குறிப்பு அச்சிட்டிருந்தது: 3,200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டுக் கீசரை மட்டும் போட்டு எண்ணினேன். நிமிடத்துக்கு 107 சிமிட்டல். சரியாக 2,000 வாட். (செல்போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி எண்ணவும். கண்ணால் எண்ணினால் 60க்கு மேல் தப்புகிறது.)

நான் அறிய நினைத்தது வேறு. யாரும் குளிக்காத நேரத்திலும் கீசரை ஆனிலேயே விட்டால் என்ன ஆகும்? யாரும் வெந்நீரைத் தொடாத இரண்டு நாட்களில் அளந்தேன். ஒரு நாள் ஆனில், மறுநாள் ஆஃபில். மற்றபடி பிரிட்ஜ் மட்டும்தான் ஓடியது. இரண்டு நாளுக்கும் வித்தியாசம் 0.7 யூனிட். யாரும் தொடாத வெந்நீர் ஆறுவதும், தெர்மோஸ்டாட் அதை மறுபடி சூடாக்குவதுமாக நாள் முழுக்க நடந்திருக்கிறது. வருடத்துக்கு 255 யூனிட், 110 லிட்டர். இருநூற்றுச் சொச்சம் சார்ஜர்!

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 60க்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட்தான் ஆகும். 2,000 வாட்டில் 20 நிமிடம் போதும். இப்போது குளிக்க 20 நிமிடம் முன்னால் போடுவது, வெளியே வந்ததும் அணைப்பது. மறக்காமல் இருக்கக் குளியலறைக் கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். மறக்கும் ஒரே ஆள் நான்தான்.

பிரிட்ஜில் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடினேன், தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் இறுக்கமாக இல்லை. ரப்பரை மாற்றி, பின்பக்கத் தூசியைத் துடைத்து, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். நாளைக்கு 1.4 யூனிட் இருந்தது 1.2 ஆனது.

அடுப்பில் எனக்கு வேலையே இல்லை. கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, மூடி போடு, தீயைக் குறை என்று நான் தெர்மாமீட்டரோடு போய்ச் சொன்னபோது மனைவி கரண்டியோடு திரும்பிப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பல வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாராம்.

மூன்றாவது மாதம்: உரத் தொட்டி நாறியது

சமையலறைக் கழிவைக் குப்பைக்கு அனுப்பாமல் உரமாக்கலாம் என்று ஒரு தொட்டி வைத்தேன். குப்பைமேட்டில் காற்றுப் படாமல் புதையும் கழிவில் இருந்து மீத்தேன் வருகிறது. நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். நான் செய்த காரியம், அதே குப்பைமேட்டைச் சின்ன அளவில் வீட்டிலேயே கட்டியது. வெறும் ஈரக் கழிவாகக் கொட்டி, மூடியையும் இறுக்கிவிட்டேன். பத்தாம் நாள் நாற்றம் தாங்கவில்லை. நாறுவது மீத்தேன் இல்லை, அதற்கு வாசனையே கிடையாது. ஆனால் அந்த நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகுகிறது என்று அர்த்தம், கூடவே மீத்தேனும் வரலாம். எல்லாவற்றையும் வெளியே கொட்டி, காய்ந்த இலையும் கிழித்த அட்டைப்பெட்டியும் கலந்து, பக்கவாட்டில் துளை போட்டேன். ஒரு பங்கு ஈரத்துக்கு இரண்டு பங்கு சருகு. மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறல். இப்போது மழை பெய்த மண் வாசம் வருகிறது.

ஆறாவது மாதம்

வண்டியில் சுருக்கமாக: மூன்று கிலோமீட்டருக்குள் போகும் வேலைகளை நடந்தோ சைக்கிளிலோ முடிக்கிறேன். சூடேறாத எஞ்சின் சின்ன ஓட்டத்தில்தான் அதிகம் குடிக்கும். மாதம் 5 லிட்டர் குறைந்திருக்கிறது. இதற்கு மாற்றுக் கணக்கே தேவைப்படவில்லை.

கீசர், பாக்ஸ், பிரிட்ஜ் மூன்றிலும் இதுவரை மிச்சமானது 60 லிட்டர் அளவு. நோட்டைப் பார்த்துக் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன். போன வாரம் அலுவலக வேலையாக விமானத்தில் போய் வந்தேன், போக வர 2,000 கிலோமீட்டர். விமானப் பயணத்தின் கார்பனைக் கணக்குப் போடும் கணிப்பான்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண் சொல்கிறது. இருப்பதிலேயே குறைந்ததை எடுத்தும் என் ஒருவன் பங்கு 200 கிலோ. 87 லிட்டர். கூட்டம் நடந்தது ஒன்றரை மணி நேரம்.

அதையும் அதே நோட்டில், சிவப்பு மையில் எழுதினேன். அடுத்த கூட்டத்துக்கு வீடியோவில் வரலாமா என்று மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.